வலை வெடித்த காலை

என் கணவர் ஒக்லாந்து நகரத்தின் பென்ரோஸ் பகுதியில் ஒரு சரக்குக் கிடங்கில் வேலை செய்தவர். முதலில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினார். பிறகு லொறிகளுக்குச் சாமான் ஏற்றி அனுப்பும் பகுதிக்குப் பொறுப்பாக இருந்தார். முதுகு நோவு கூடியதும் வேலையை விட்டார். தினமும் நடக்கச் சொல்லி டொக்டர் சொன்னார். மனுசன் மாங்கரேப் பக்கம் காரை நிறுத்திவிட்டுக் கடற்கரையோரமாக நடக்கத் தொடங்கினார். வற்று நேரத்தில் அங்கே கடல் வெகுதூரம் உள்ளே போய்விடும். கரை முழுக்கச் சேறாக இருக்கும். அந்தச் சேற்றில் மேயும் பறவைகளைத் தொலைநோக்கி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்த சில வெள்ளைக்காரர்களோடு அங்கேதான் அவருக்குப் பழக்கம் உண்டானது.

ஆரம்பத்தில் நான் சந்தோஷப்பட்டேன் என்பதைச் சொல்லவேண்டும். வீட்டில் யன்னலைப் பார்த்துக்கொண்டு இருக்கிற ஆள் வெளியே போகிறாரே என்று. மவுண்ட் ஆல்பர்ட்டில் எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு முக்காலி வந்தது, அதன்மேல் ஒரு பெரிய தொலைநோக்கி வந்தது. சேறு படிந்த பூட்ஸ் வாசலில் காய்ந்தது. சில சனிக்கிழமைகளில் விடியுமுன் எழும்பித் தானே பாண் வாட்டிச் சுற்றிக்கொண்டு போனார். எங்கே போகிறார் என்று கேட்டால், பறவைகளின் காலில் அடையாள வளையம் போடப் போகிறோம் என்பார். எப்படிப் பிடிப்பீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். "வலை போட்டு" என்றார். அவ்வளவுதான் சொன்னார். எங்கள் ஊர்க் கடலில் வலை போடுகிறவர்களை நான் கண்டிருக்கிறேன். அப்படித்தான் ஏதோ இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

அவர் அதிகம் கதைக்கிற ஆள் இல்லை. நாங்கள் இந்த நாட்டுக்கு அகதிகளாக வந்து இறங்கிய நாளிலிருந்து வீட்டில் அவர் கதைத்ததெல்லாம் பால் முடிந்தது, பில் வந்தது, காருக்கு வோரண்ட் என்கிற தகுதிச் சான்று எடுக்கவேண்டும், இந்த மாதிரித்தான். மகள் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவானபோது "ஓம், நல்லது" என்றார். யாழ்ப்பாணத்தில் என் அம்மா செத்துப்போனதாகப் போன் வந்த அன்று எனக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு வேலைக்கு நேரமாகிறது என்று போய்விட்டார். கோபக்காரர் இல்லை. குடியில்லை, அடியில்லை. அவருக்குள் இருந்த ஈரமெல்லாம் சண்டைக் காலத்தோடு வற்றிவிட்டது, மிச்சமாக இருப்பது இவ்வளவுதான் என்று நான் எனக்கே சொல்லிக்கொண்டேன். எப்சமில் ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை செய்கிறேன். அங்கே வருகிற எத்தனையோ புருசன்மாரைப் பார்த்திருக்கிறேன். மனைவியின் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு கார்ப் பார்க்கையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். சில ஆண்கள் இப்படித்தான் என்று மனதைச் சமாதானப்படுத்திக்கொள்ள அந்த வேலை எனக்கு உதவியது.

போன வருடக் கோடையின் கடைசியில் அவர்களுடைய குழு வடகோடிக்குப் போகத் திட்டமிட்டது. ஒக்லாந்திலிருந்து அரை நாள் கார் ஓட்டம். அலாஸ்காவுக்குப் பறந்து போவதற்கு முன் அந்த நீண்ட மூக்குப் பறவைகள், மாவோரி மக்கள் குவாக்கா என்று சொல்கிறவை, வடக்குக் கழிமுகங்களில் கூட்டமாக நின்று இரை தின்று கொழுக்குமாம். வழக்கமாக வருகிற சிலருக்கு வரமுடியாமல் போனதால் ஆள் போதவில்லை. குழுத் தலைவி, ஓய்வு பெற்ற பள்ளிக்கூட ஆசிரியை, எங்கள் வீட்டுக்கே போன் எடுத்து என்னோடு கதைத்தார். நீங்களும் வாருங்கள், பிடித்துக் கூண்டில் வைத்த பறவைகளை எடுத்துக் கொண்டுவந்து தந்தால் போதும் என்றார். நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் தோளைக் குலுக்கினார். வரச் சொல்லவும் இல்லை, வேண்டாம் என்று சொல்லவும் இல்லை. நான் லீவு எடுத்துக்கொண்டு போனேன்.

முதல் நாள் பின்னேரம் கடலோரம் வாடகைக்கு எடுத்திருந்த ஒரு மரவீட்டில் எல்லோரும் சேர்ந்தோம். தலைவி ஒரு பெரிய சட்டியில் பாஸ்டா அவித்தார். குழுவில் என்னைத் தவிர இன்னொரு தமிழ்ப் பெண்ணும் இருந்தாள். கோயம்புத்தூர்க்காரி, நகரத்தில் ஐ.டி. வேலை, நாற்பது வயதிருக்கும். என்னைக் கண்டதும் "அக்கா" என்று ஒட்டிக்கொண்டாள். சாப்பிடும்போது என் கணவர் ஒரு கதை சொன்னார். கிடங்கில் ஃபோர்க்லிஃப்டில் ஒரு கடற்புறா வந்து இருந்துகொண்டு நாள் முழுக்க இறங்க மறுத்த கதை. ஆங்கிலத்தில் சொன்னார். கடற்புறா தலையைத் திருப்பிய விதத்தைத் தானே திருப்பிக் காட்டினார். மேசை முழுக்கச் சிரித்தது. கோயம்புத்தூர்க்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அங்கிள் வந்தாலே இப்படித்தான், சிரிச்சுச் சிரிச்சு வயிறு வலிக்கும்" என்றாள்.

நானும் சிரித்தேன். அந்தக் கதை எனக்குத் தெரியாது. அவர் அந்தக் கிடங்கில் வேலை செய்த வருடங்கள் முழுக்க ஒவ்வொரு நாளும் அவருக்குச் சாப்பாடு கட்டிக் கொடுத்தவள் நான். கடற்புறா வந்ததாக ஒருநாளும் கேள்விப்பட்டதில்லை.

மறுநாள் காலை சாப்பிட்டுவிட்டுக் கடற்கரைக்குப் போனோம். கடல் ஏறும்போது சேறு மூடிவிடும். மேய இடமில்லாமல் பறவைகள் சிப்பி மேட்டில் வந்து ஒதுங்கும். அந்த மேட்டின் ஓரமாக வலையைச் சுருட்டி மணலால் லேசாக மூடி வைத்திருந்தார்கள். கொஞ்சம் தள்ளி, புல் முளைத்த மணல் திட்டுக்குப் பின்னால் எங்களை இரண்டிரண்டு பேராகப் படுத்திருக்கச் சொன்னார்கள். நானும் அவரும் ஒன்றாகப் படுத்திருந்தோம். கோயம்புத்தூர்க்காரி எங்களுக்குச் சற்றுப் பின்னால் இருந்தாள். தலையைத் தூக்கக் கூடாது, கதைக்கக் கூடாது.

புல்லுக்கிடையால் எனக்கும் கொஞ்சம் தெரிந்தது. தண்ணீர் ஏற ஏறப் பறவைகள் கூட்டம் கூட்டமாக வந்து இறங்கின. சில செங்கல் நிறத்துக்கு மாறியிருந்தன. நீண்ட அலகை முதுகு இறகுக்குள் செருகிக்கொண்டு ஒற்றைக் காலில் நின்று நித்திரை கொள்ளத் தொடங்கின. வெயில் இதமாக இருந்தது. அவருடைய தோள் என் தோளில் பட்டுக்கொண்டிருந்தது. இப்படிப் பக்கத்தில் படுத்துக்கொண்டு ஒன்றை இரண்டு பேரும் சேர்ந்து பார்த்து எத்தனை காலம் என்று நினைத்தேன். வந்தது நல்லது என்றும் நினைத்தேன்.

அவருடைய சட்டைப் பைக்குள் இருந்த வோக்கி டோக்கியில் தலைவியின் குரல் மெதுவாகக் கேட்டது. என்ன சொன்னார் என்று எனக்கு விளங்கவில்லை. என் கணவர் கையை ஊன்றி, ஓடப்போகிறவர் மாதிரி உடம்பைத் தூக்கினார்.

அப்போது வெடித்தது.

அது வலையைத் தூக்கி எறிகிற வெடி என்று இப்போது தெரியும். சின்னக் குழாய்களுக்குள் மருந்து வைத்து, வலையைப் பறவைகளின் மேலால் எறிவார்கள். அந்த நேரத்தில் எனக்கு வெடி என்றால் ஒன்றுதான், ஷெல். நிலம் அதிர்ந்தது, புகை மணந்தது. நான் முகம் குப்புற மணலுக்குள் கிடந்தேன். ஒரு கை தலையை மூடிக்கொண்டது. மற்றக் கை பக்கத்தில் மணலைத் தடவிப் பிள்ளையைத் தேடியது. என் மகளுக்கு இப்போது முப்பது வயது தாண்டிவிட்டது, வெலிங்டனில் அரசாங்க வேலையில் இருக்கிறாள். அது என் கைக்குத் தெரியவில்லை.

ஊரில் ஷெல் அடித்த காலத்தில் என்னையும் பிள்ளையையும் பங்கர்க் குழிக்குள் இறக்கிவிட்டுக் கடைசியாகத்தான் அவர் இறங்குவார். பங்கர் இல்லாத இடத்தில் நிலத்தில் விழுந்து படுத்தால் அவருடைய கை என் முதுகை அழுத்திக்கொண்டிருக்கும். எழும்பாதே என்று சொல்கிற கை அது. மணலுக்குள் கிடந்தபடி நான் அந்தக் கைக்காகக் காத்திருந்தேன். அது வரவில்லை. பூட்ஸ் கால்கள் என் தலைக்குப் பக்கத்தால் மணலை வாரி எறிந்துகொண்டு ஓடுகிற சத்தம்தான் கேட்டது.

கொஞ்சம் கழித்து ஒரு கை என் தோளைத் தொட்டது. கோயம்புத்தூர்க்காரி. எல்லோரும் வலைக்கு ஓட, அவள் மட்டும் நின்றுவிட்டாள்.

"அக்கா, ஒண்ணுமில்லக்கா. வலைதான். வெடி வச்சுத்தான் வலையைத் தூக்குவாங்க. அங்கிள் உங்ககிட்ட சொல்லலையா?"

நான் எழும்பி இருந்து வாயில் இருந்த மணலைத் துப்பினேன்.

"சொன்னவர். நான்தான் மறந்துபோனன்" என்றேன்.

அந்த நிலையிலும் அவருக்காகப் பொய் சொன்னேன். ஏன் என்று தெரியாது. பழக்கம்தான். அவள் என்னை நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. ஆனாலும் தன் தண்ணீர்ப் போத்தலைத் தந்தாள்.

வலையடியில் எல்லோரும் முழங்காலில் நின்று வேலை செய்துகொண்டிருந்தார்கள். பறவைகள் பதறாமல் இருக்க வலையின்மேல் கறுப்புத் துணி விரித்திருந்தார்கள். ஒவ்வொன்றாக எடுத்துச் சாக்கு மூடிய கூண்டுகளுக்குள் விட்டார்கள். பிறகு குழுக்களாகப் பிரிந்தோம். ஒருவர் காலில் உலோக வளையம் போட, இன்னொருவர் எழுத்துப் பொறித்த வெள்ளைப் பிளாஸ்டிக் கொடியைக் கட்ட, மற்றவர்கள் அலகை அளக்க, நிறுக்க என்று வேலை. நான் கூண்டிலிருந்து பறவையை எடுத்துக் கொண்டுபோய்க் கொடுக்கவேண்டும். முதல் பறவையை இரண்டு கையாலும் பிடித்து எடுத்தேன். எலும்பும் தோலுமான கிழவிகளைத் தூக்கிக் குளிக்கவார்த்த கை இது. எவ்வளவு இறுக்கலாம், எவ்வளவு விடலாம் என்று அதற்குத் தெரியும். உள்ளங்கையில் பறவையின் நெஞ்சு அடித்தது.

வளையம் போடுகிற குறடு என் கணவரிடம் இருந்தது. பறவையை அவரிடம் நீட்டினேன். அவர் நிமிர்ந்து என்னைப் பார்க்கவில்லை. பறவையை மட்டும் வாங்கி மடியில் மெதுவாகச் சாய்த்து, விரல்களுக்கிடையில் கழுத்தைப் பிடித்துக்கொண்டார். அதன் காலைப் பிடித்து வளையத்தை மாட்டும்போது கதைக்கத் தொடங்கினார். தமிழில்.

"பயப்பிடாதேங்கோ, ராசாத்தி. ஒண்டுமில்லை. வெடி முடிஞ்சுது. நான் இஞ்சதான் நிக்கிறன், பயப்பிடாதேங்கோ."

அவர் எனக்கு 'நீர்' என்றுதான் சொல்வார். பறவைக்கு மரியாதையாக 'ங்கோ' போட்டுக் கதைத்தார். மகள் குழந்தையாக இருந்தபோது அவளோடு இப்படி ஒரு குரலில் கதைத்தது ஞாபகம் இருக்கிறது. பிறகு அந்தக் குரலை நான் கேட்டதேயில்லை. அது செத்துப்போய்விட்டது என்று எண்ணியிருந்தேன்.

தலைவி எனக்குப் பக்கத்தில் வந்து நின்று, இவருடைய கையில் பறவைகள் உடனே அடங்கிவிடும், அந்த மொழியில் ஏதோ இருக்கிறது என்று ஆங்கிலத்தில் சொன்னார். என்ன சொல்கிறார் என்று ஆசையாகக் கேட்டார். சும்மா, குழந்தைகளோடு கதைக்கிற மாதிரித்தான் என்று சொல்லிவிட்டு அடுத்த பறவையை எடுக்கப் போனேன்.

அன்று முழுக்க அதைத்தான் கேட்டேன். பறவையைக் கொடுப்பதும், அந்தக் குரலைக் கேட்பதும், திரும்பிப் போவதும். இல்லாத ஒன்றை ஒருவரிடம் நான் எப்படிக் கேட்பது என்றுதான் இத்தனை வருடம் வாய் மூடி இருந்தேன். அது அவருக்குள் இருந்திருக்கிறது. எனக்குத் தரவில்லை, அவ்வளவுதான். வறுமை என்று நினைத்துப் பொறுத்தது வறுமையே இல்லை என்று தெரியும்போது வருகிற கசப்பு இருக்கிறதே, அது கோபத்தை விடக் கெட்டது.

வேலை முடிந்து வலையைக் கழுவி ஏற்றிவிட்டு எல்லோரும் வெளிக்கிட்டோம். எங்கள் காரில் நானும் அவரும் மட்டும். வழியில் ஃபாங்கரேயில் பெட்ரோல் அடித்துவிட்டு ஆளுக்கொரு 'பை' பணியாரமும் தேத்தண்ணியும் வாங்கிக்கொண்டு வந்தார். காரை ஓரமாக நிறுத்திச் சாப்பிட்டோம். அங்கேதான் கேட்டேன்.

"வெடிக்குமெண்டு எனக்கு ஏன் சொல்லேல்லை?"

தேத்தண்ணியை ஒரு வாய் குடித்தார். "மறந்திட்டன். எனக்கு இப்ப அது பழகிப் போச்சு."

"நான் விழுந்து கிடந்ததைக் கண்டனீங்களோ?"

இல்லை என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன். சொல்லியிருந்தால் நான் அதை நம்பவும் ஆயத்தமாக இருந்தேன்.

"கண்டனான்" என்றார். "வலைக்குள்ள கனநேரம் கிடந்தால் பறவையள் செத்துப்போயிடும். உமக்கு ஒண்டும் நடக்காதெண்டு தெரியும்தானே."

நியாயமான பேச்சு. அதில் பிழை பிடிக்க ஒன்றுமில்லை. நான் பணியாரத்தை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். பிறகு, அந்தப் பறவையோடு கதைத்த மாதிரி என்னோடு ஒருநாளும் கதைக்கவில்லையே என்றேன்.

அவர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு முன்னால் பார்த்தபடி இருந்தார். பதில் வராது என்றுதான் நினைத்தேன். வந்தது.

"அதுக்கு நான் ஆரெண்டு தெரியாது. விட்டவுடன பறந்து போயிடும். நீர் அப்பிடியில்லை. நீர் எல்லாத்தையும் பாத்தனீர்."

எதைச் சொல்கிறார் என்று எனக்கு உடனே விளங்கியது. மகள் கைக்குழந்தையாக இருந்தபோது ஒரு சோதனைச்சாவடியில் ஆமிக்காரர் அவரை வரிசையிலிருந்து இழுத்து வெயிலில் முழங்காலில் இருத்தினார்கள். அடித்தார்கள். என்னைக் காட்டி ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். அவர் கையெடுத்துக் கும்பிட்டு அழுதார். சிறுநீர் போனது. விட்ட பிறகு என் சீலைத் தலைப்பால் அவர் முகத்தைத் துடைத்துவிட்டேன். அன்றிலிருந்து இன்றுவரை நாங்கள் இரண்டு பேரும் அதைப் பற்றி ஒரு சொல் கதைத்ததில்லை. அவரை நோகடிக்கக் கூடாது என்றுதான் நான் கதைக்கவில்லை. அவரும் அதை ஒரு பரிவாக எடுத்திருப்பார் என்று நம்பிக்கொண்டிருந்தேன். அவருக்கோ என் முகம் அந்த நாளின் படமாக இருந்திருக்கிறது. காலையில் எழும்பினால் அது, சாப்பிட இருந்தால் அது.

"நான் பாத்தது என்ர குற்றமோ?" என்று கேட்டேன்.

"இல்லை" என்றார். காரை ஸ்டார்ட் பண்ணினார். மோட்டர்வே வரும்வரைக்கும், அதற்குப் பிறகும், நாங்கள் கதைக்கவில்லை.

அவரைப் புரிந்துகொண்டேன். அது உண்மை. புரிந்துகொண்டால் மனம் ஆறும் என்று சொல்வார்கள். எனக்கு ஆறவில்லை. அந்த வெயிலில் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நானும்தான் நின்றேன். அவர்கள் என்னைக் காட்டிச் சொன்னது எனக்கும்தான் கேட்டது. அதைப் பார்த்த ஆளாக அவரும் இருந்தார். அதற்காக நான் அவரை விட்டு விலகவில்லை.

அந்தக் கிழமை மகளுக்குப் போன் எடுத்துச் சொன்னேன். எல்லாவற்றையும் இல்லை, வெடியையும் பறவையையும் மட்டும். அவள் வழக்கம்போல் ஆங்கிலத்தில்தான் பதில் சொன்னாள். அப்பா தமிழில் பறவைகளோடு கதைக்கிறார் என்பதைக் கேட்டதும் அதைத் திரும்பவும் சொல்லச் சொன்னாள். அப்பா 'ஹீல்' ஆகிறார், அதற்கு நாங்கள் இடம் கொடுக்கவேண்டும், இத்தனை வருடத்துக்குப் பிறகு இது எவ்வளவு பெரிய விசயம் தெரியுமா அம்மா என்றாள். நான் விழுந்தது பற்றி, ஐயோ பாவம் என்றாள், மனதாரத்தான். உங்களுக்கும் இப்படி ஏதாவது ஒரு பொழுதுபோக்கு வேண்டும், களிமண் வகுப்பு ஏதாவது பாருங்கள் என்று லிங்க் அனுப்பினாள். நல்ல பிள்ளை. யார் பக்கமும் சாயாமல் கதைக்கப் படித்திருக்கிறாள். அவளைப் பெற்றவர்கள் ஒரே வெடியில் இரண்டு பக்கமாக ஓடினார்கள் என்பதை அவளுக்கு எப்படிச் சொல்வது?

நான் அவரை விட்டுப் போகவில்லை. மகளின் அறை சும்மாதான் இருந்தது. கொஞ்ச நாளில் என் தலையணையையும் உடுப்புகளையும் அங்கே கொண்டுபோய் வைத்தேன். முதுகு நோவுக்கு உமக்குத் தனிக் கட்டில் நல்லதுதான் என்று அவர் சொன்னார். முதுகு நோவு எனக்கில்லை, அவருக்குத்தான். இரண்டு பேரும் அதைத் திருத்தவில்லை.

இந்தக் கோடையிலும் குழு வடக்கே போனது. போகிறதுக்கு முதல் கிழமை, நான் அரிசி கழுவிக்கொண்டிருக்கும்போது குசினி வாசலில் வந்து நின்று, "நீர் வாறீரோ?" என்று கேட்டார். வேலை இருக்கிறது, வரவில்லை என்றேன். அவர் முகம் லேசானது. அதை மறைக்க அவர் முயலவும் இல்லை. சரி என்று சொல்லிவிட்டுப் பூட்ஸைக் கழுவ வெளியே போனார்.

போய் வந்த பிறகு இரவுச் சாப்பாட்டில் அந்தப் பறவைகளைப் பற்றிச் சொல்கிறார். எத்தனை வலையில் விழுந்தன, எது எவ்வளவு கொழுத்திருந்தது, எது எந்த வழியால் எந்தக் கடலைக் கடக்கும் என்று. வீட்டில் இவ்வளவு நாளும் இல்லாத பேச்சு. முந்தி அவர் வாய் திறக்கமாட்டாரா என்று ஏங்கியவள் நான். இப்போது சோற்றைப் பிசைந்துகொண்டு ஓம், ஓம் என்கிறேன். கதை முடிந்ததும் எழும்பி நான் சாப்பிட்ட கோப்பையை மட்டும் கழுவி வைத்துவிட்டு என் அறைக்குப் போகிறேன்.